தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றுத் தொல்லைகள்: இயல்பு எது, நோய் எது

பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களில் பெற்றோரை மருத்துவரிடம் ஓட வைக்கும் காரணங்களில் வயிறுதான் முன்னால் நிற்கிறது. குழந்தை கக்குகிறது, முக்குகிறது, மாலையானால் வீறிட்டு அழுகிறது. மலம் பச்சையாகப் போகிறது, அல்லது ஒரு வாரமாகப் போகவே இல்லை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை என்றால் இவ்வளவுக்குமான பழி தாயின் பால் மீதோ, முந்தைய நாள் அவர் சாப்பிட்ட ஏதோ ஒன்றின் மீதோ விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் அந்தப் பழிக்கு அடிப்படை கிடையாது. ஆனால் அதை நம்பி எடுக்கப்படும் முடிவுகள், அதாவது தாயின் உணவை ஒவ்வொன்றாகக் குறைப்பது, பாலை நிறுத்திவிட்டு மாவுப்பாலுக்கு மாறுவது, மருந்துக் கடையில் கேட்டு ஏதோவொரு சொட்டு மருந்தை ஊற்றுவது ஆகியவை, தொல்லையைக் காட்டிலும் பெரிய தீங்கை விளைவிக்கக் கூடும். எனவே மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தச் சின்ன வயிற்றில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

கருவில் இருக்கும்போது குழந்தைக்குத் தேவையான சத்து தொப்புள்கொடி வழியே நேராக இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. குடல் பனிக்குட நீரை விழுங்கிப் பழகியிருக்குமே தவிர, உணவைச் செரிக்கும் முழு வேலை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. கொழுப்பைச் செரிக்கக் கணையம் சுரக்க வேண்டிய நொதி முதல் மாதங்களில் போதுமான அளவு வருவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யும் ஒரு நொதி தாய்ப்பாலிலேயே கலந்து வருகிறது. பாலின் புரதத்தில் எளிதில் செரிக்கும் வகையே மிகுதி. நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. இதைத் தவிர, குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைத் தொடர்களும் தாய்ப்பாலில் நிறைய இருக்கின்றன. செரிக்க முடியாத ஒன்றைப் பால் ஏன் சுமந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு விடை பெருங்குடலில் இருக்கிறது: அங்கே குடியேறும் பிஃபிடோ வகை நுண்ணுயிர்களுக்கு அதுதான் தீனி. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கும்போது அமிலமும் வாயுவும் உண்டாகின்றன. அமிலம் தீய கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது. ஆக, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் வாயு இருப்பதும், மலம் லேசாகப் புளிப்பு வாடையுடன் இளகிப் போவதும் குடல் சரியாக வேலை செய்வதன் அடையாளங்களே.

மலத்தின் கணக்கு முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. தார் போன்ற கரும்பச்சை நிற முதல் மலம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் போய்விடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 48 மணி நேரம் கடந்தும் போகவில்லையென்றால் குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் போன்ற பிறவிக் கோளாறுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பால் நன்றாக இறங்கத் தொடங்கிய பின், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், கருமை மாறிப் பச்சையாகி, பிறகு அரைத்த கடுகு போல மஞ்சளாகி, நடுவே சிறு சிறு தயிர்க் குருணைகளுடன் வரும். ஐந்தாம் நாளைக்குப் பிறகும் கருமை மாறாவிட்டால் குழந்தைக்குப் பால் போதவில்லையோ என்று சந்தேகிக்க இடம் உண்டு.

அதன் பிறகு எத்தனை முறை என்பதில் குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் மிகப் பெரிது. முதல் மாதத்தில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் மலம் கழிக்கும் குழந்தை உண்டு; இரைப்பை நிறையும்போது பெருங்குடல் தானாக அசைவதால் ஏற்படும் இந்த வழக்கத்தைப் பலர் வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ ஆறு வாரம் ஆன பிறகு இதே குழந்தை நான்கு நாள், ஏழு நாள், சில வேளை பத்து நாள் வரை மலம் கழிக்காமல் இருக்கலாம். அப்போது அதே பெற்றோர் மலச்சிக்கல் என்று பயப்படுகிறார்கள். மலச்சிக்கலை நாள் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. மலம் இறுகி உருண்டையாக வருகிறதா என்பதே அளவுகோல். பல நாள் கழித்து வந்தாலும் மலம் இளக்கமாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறி வந்தால் அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஆறு வாரத்துக்குக் குறைந்த குழந்தை பல நாள் மலம் கழிக்காமல் இருப்பது மட்டும் வேறு கதை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது பால் போதிய அளவு உள்ளே போகிறதா என்பதைத்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு காட்சி பெற்றோரை மிகவும் கலங்கடிக்கும். குழந்தை திடீரென்று கால்களை மடக்கி வயிற்றோடு இழுத்துக்கொள்கிறது. முகம் செக்கச் செவேலென்று சிவக்கிறது. பத்து நிமிடம், இருபது நிமிடம் முக்கி முனகி அழுகிறது. கடைசியில் வெளியே வருவதோ கூழ் போன்ற இளகிய மலம். இளகிய மலத்துக்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். மலத்தை வெளியேற்ற வயிற்றுத் தசைகள் இறுகும் அதே நேரத்தில் ஆசனவாய்த் தசை தளர வேண்டும் என்பதைக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒருசேர இறுக்கிக்கொண்டு போராடுகிறது. சில வாரங்களில் தானாகப் பழகிவிடும். இதற்கு மலமிளக்கி கொடுப்பதும், ஆசனவாயில் எதையாவது வைத்துத் தூண்டிவிடுவதும் வேண்டாத வேலை. வெளித்தூண்டுதல் இருந்தால்தான் மலம் போகும் என்ற வழக்கத்துக்கு அது குழந்தையைத் தள்ளிவிடும்.

கக்குவது அடுத்தது. உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில் உள்ள சுருக்குத் தசை முதல் மாதங்களில் அடிக்கடி தளர்ந்து கொடுக்கிறது. குழந்தையோ பெரும்பாலான நேரம் படுத்தே இருக்கிறது. உணவு முழுக்கத் திரவம். எனவே ஏப்பத்தோடு கொஞ்சம் பால் கடைவாய் வழியே வழிவதிலும், அரை மணி நேரம் கழித்துத் திரிந்த பாலாக வருவதிலும் வியப்பில்லை. திரிந்து வருவது இரைப்பையில் அமிலமும் நொதியும் வேலை செய்திருப்பதைத்தான் காட்டுகிறது. நான்காம் மாத வாக்கில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் நாள்தோறும் கக்குகின்றன. ஒரு வயதுக்குள் மிகப் பெரும்பாலானோருக்கு இது நின்றுவிடுகிறது. கக்கிய பால் துணியில் பரவியதும் பார்க்க நிறையத் தெரியும். ஒரு தேக்கரண்டிப் பாலைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் அச்சம் பாதி குறையும். பால் குடித்த பின் இருபது, முப்பது நிமிடம் நிமிர்த்தித் தோளில் சாய்த்து வைத்திருப்பதும், ஒரே மூச்சில் நிறையக் கொடுக்காமல் அளவைக் குறைத்து அடிக்கடி கொடுப்பதும் உதவும். ஆனால் கக்குகிறதே என்று குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ தூங்க வைக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைப்பதே திடீர் மரண அபாயத்தைக் குறைக்கும் முறை. கக்கும் குழந்தைக்கும் அதே விதிதான். அழும் குழந்தைக்கெல்லாம் அமிலத்தைக் குறைக்கும் மருந்து எழுதிக் கொடுக்கும் போக்கும் சரியானதில்லை. அம்மருந்துகள் சாதாரணக் கக்கலையும் அழுகையையும் குறைப்பதில்லை. இரைப்பை அமிலம் குறைந்தால் கிருமித் தொற்றுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

மாலை நேர அழுகைக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெசல் வகுத்த இலக்கணம் இன்றும் பேசப்படுகிறது: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல், காரணமின்றி அழும் ஆரோக்கியமான குழந்தைக்குக் கோலிக் என்று பெயர். வயிறு, குடல் தொல்லைகளுக்கு நிபுணர்கள் வகுத்த ரோம் வரையறையின் 2016-இல் வெளியான நான்காம் பதிப்பு மணிக் கணக்கை ஓரளவு தளர்த்தி, ஐந்து மாதத்துக்குள் தொடங்கி முடியும், பெற்றோரால் தேற்ற முடியாத நீண்ட அழுகை என்று விளக்குகிறது. பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் ஓய்ந்துவிடுவது இதன் வழக்கம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் மாவுப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் இது ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. பால்தான் காரணமென்றால் அப்படி இருக்க வழியில்லை. அழும்போது வயிறு உப்பியிருப்பதையும் காற்றுப் பிரிவதையும் பார்த்து வாயுவே அழுகைக்குக் காரணம் என்கிறோம். ஆனால் அழும் குழந்தை நிறையக் காற்றை விழுங்குகிறது; அதாவது வாயு பல நேரம் அழுகையின் விளைவாகவே வந்து சேர்கிறது.

இதற்காக விற்கப்படும் மருந்துகளின் வரலாறு சற்றுச் சுவையானது. கிரைப் வாட்டர் 1851-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதன் பழைய கலவையில் சர்க்கரை, சதகுப்பி எண்ணெய், சோடா உப்பு ஆகியவற்றோடு மதுவும் இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி அமைதியானதற்கு எந்தப் பொருளைப் பாராட்டுவது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். மது நீக்கப்பட்ட இன்றைய வடிவங்களுக்கும் பயன் உண்டென்று நிறுவப்படவில்லை. வாயுவுக்கெனக் கொடுக்கப்படும் சிமெதிக்கோன் சொட்டு மருந்து, ஒப்பாய்வுகளில் வெறும் நீர்மத்தைவிட மேலாக எதையும் செய்துவிடவில்லை. தீங்கும் பெரிதாக இல்லை. குடல் பிடிப்பைத் தளர்த்தக் கொடுக்கப்படும் டைசைக்ளோமின் அப்படிப்பட்டதில்லை: மூச்சுத் தடை உட்படக் கடும் விளைவுகள் ஏற்பட்டதால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நுண்ணுயிர்ச் சொட்டு மருந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் அழுகை நேரத்தை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகளில் தெரிகிறது. மருத்துவரைக் கேட்டு முயன்று பார்க்கலாம். மற்றபடி, தோளில் போட்டு நடப்பது, உடலோடு உடல் சேர்த்து அணைப்பது, மென்மையாகத் தாலாட்டுவது, விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது, இவற்றில் எது அன்றைக்குப் பலிக்கிறதோ அதுதான் மருந்து. தாய் களைத்துவிட்டால் வேறொருவர் குழந்தையை வாங்கிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். யாரும் இல்லாத நேரத்தில், குழந்தையைப் பாதுகாப்பாகத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பதில் குற்றம் எதுவும் இல்லை. சலிப்பில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுவது மூளையைச் சிதைக்கும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பால் கொடுக்கும் முறையில் திருத்தம் செய்தால் தீரக்கூடிய தொல்லை ஒன்றும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மலத்தோடு சேர்த்து, பால் குடிக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பால் இறங்கிய சில நொடிகளில் குழந்தையின் கண்கள் அகல விரிகின்றன. மடக் மடக்கென்று விழுங்குகிறது. புரையேறி இருமி மார்பிலிருந்து வாயை எடுக்கிறது. அந்த நேரத்தில் பால் அதன் முகத்தில் பீச்சி அடிக்கிறது. கொஞ்சம் காற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டுச் சில நிமிடங்களிலேயே வயிறு நிறைந்து விலகிக்கொள்கிறது. இப்படிப்பட்ட குழந்தை பெரும்பாலும் மளமளவென்று எடை ஏறும். ஆனால் மலம் பச்சையாக, நுரைத்து, வேகமாகப் பீறிட்டுப் போகும். ஒரு முறை கொடுக்கும்போது முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடுகிறது. சுரப்பு மிகுதியாக உள்ள தாயிடம், மார்பை முழுதாகக் காலி செய்யாமலேயே குழந்தைக்கு வயிறு நிறைந்துவிடுவதால், கொழுப்புக் குறைந்த பால் இரைப்பையை விரைவாகக் கடந்து, அதிலுள்ள லாக்டோஸ் முழுவதும் செரிக்கப்படாமல் பெருங்குடலை அடைகிறது. செரிக்காத சர்க்கரை நீரை இழுக்கிறது, நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. நுரைக்கும் வயிற்றிரைச்சலுக்கும் விளக்கம் அதுதான். வுல்ரிட்ஜ், ஃபிஷர் ஆகிய இருவரும் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள்.

இதிலிருந்து முன்பால் கெட்டது, பின்பால் நல்லது என்ற தவறான முடிவுக்குப் பலர் போய்விட்டார்கள். பால் இரண்டு ரகமாகச் சுரப்பதில்லை. கொழுப்பின் அளவு மெல்ல மெல்லக் கூடுகிறது, அவ்வளவே. செய்ய வேண்டியதும் எளிது: இத்தனை நிமிடம் ஆனதும் மார்பு மாற்ற வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்க்காமல், குழந்தை ஒரு பக்கத்தைத் தானாக விடும் வரை குடிக்க விட வேண்டும், பிறகு வேண்டுமென்றால் அடுத்த பக்கம். தாய் பின்னோக்கிச் சாய்ந்துகொண்டு குழந்தையை மேலே படுக்க வைத்துக் கொடுத்தால் பாலின் வேகம் தணியும். சுரப்பு மிகவே அதிகமென்றால் சில மணி நேரத்துக்கு ஒரே பக்கத்தில் மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. அது சுரப்பைக் குறைத்துவிடும் என்பதால், எடை நன்றாக ஏறும் குழந்தைக்கு மட்டும், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் சில நாட்களுக்குச் செய்யலாம். அதே போல, குழந்தை காம்பை மட்டும் பற்றாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் வாங்கிக் கவ்வுகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். குடிக்கும்போது நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒலி கேட்டால் பிடி நழுவுகிறது, காற்று உள்ளே போகிறது என்று பொருள்.

லாக்டோஸ் என்றதும் ஒவ்வாமையோ என்ற கேள்வி எழும். லாக்டோஸைச் செரிக்கும் நொதியே இல்லாமல் பிறப்பது மிக மிக அரிது. அப்படிப் பிறந்த குழந்தை முதல் நாட்களிலிருந்தே கடும் வயிற்றுப்போக்கால் வாடும். கடும் குடல் தொற்றுக்குப் பின் சில நாட்கள் இந்த நொதி குறைந்திருக்கலாம். அப்போதும் தாய்ப்பாலைத் தொடர்ந்தால் குடல் தானாகத் தேறிவிடும். தாய் பால் பொருட்களை விட்டுவிட்டால் தாய்ப்பாலில் லாக்டோஸ் குறையும் என்ற எண்ணமும் தவறு. அந்தச் சர்க்கரை மார்பில்தான் உருவாகிறது. தாய் என்ன சாப்பிட்டாலும் அதன் அளவு மாறுவதில்லை.

பசும்பால் புரத ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறானது. தாய் குடித்த பசும்பாலின் புரதத்தில் மிகச் சிறு பகுதி தாய்ப்பாலில் கலந்து வருகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கு உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு அதை எதிர்க்கிறது. மலத்தில் சளியும் இரத்தக் கீற்றுகளும் தென்படும். சிலருக்குத் தோலில் கரப்பான் வரும். மருத்துவர் சந்தேகித்தால் தாய் இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலையும் பால் கலந்த எல்லாவற்றையும் விட்டுப் பார்க்க வேண்டும். குறி தணிந்தால் அதோடு நிறுத்திவிடாமல், மறுபடி சாப்பிட்டுப் பார்த்துக் குறி திரும்புகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுவதால்தான் ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்காகத் தாய் மாதக் கணக்கில் பத்தியம் காக்க நேர்கிறது. உண்மையிலேயே பால் ஆகாதென்று தெரிந்தால் தாய்க்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தனியாகத் தேவைப்படும். மலத்தில் தெரியும் இரத்தமெல்லாம் ஒவ்வாமை என்றும் சொல்ல முடியாது. தாயின் வெடித்த காம்பிலிருந்து விழுங்கிய இரத்தமாகவோ, ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கலாம். எதுவாயினும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மற்றபடி தாய் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற நீண்ட பட்டியல்களில் சரக்குக் குறைவு. பருப்பும் கோசும் தாயின் குடலில் வாயுவை உண்டாக்குவது அவற்றின் நார்ச்சத்தும் சர்க்கரைகளும் பெருங்குடலில் புளிப்பதால். அந்த நாரும் வாயுவும் இரத்தத்தில் ஏறிப் பாலுக்குள் வருவதில்லை. காஃபின் வரும், அதிகமாகக் காப்பி குடிக்கும் தாயின் பச்சிளங் குழந்தை தூக்கமின்றிச் சிணுங்கலாம். மதுவும் புகையிலையின் நிகோட்டினும் வரும். ஒரு குறிப்பிட்ட உணவுக்குப் பின் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குத் தொல்லை வருகிறதென்று தாய்க்கு உறுதியாகத் தெரிந்தால் அதை மட்டும் விட்டுப் பார்க்கலாம். ஊர் சொல்கிறதென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பசியோடு பால் கொடுப்பதில் குழந்தைக்கு ஒரு பலனும் இல்லை.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாயுவுக்கென்றும் சிக்கலுக்கென்றும் ஊற்றப்படும் நீரும் கஷாயமும் சின்ன இரைப்பையில் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, கிருமியையும் கொண்டு வரக் கூடும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது; அதிலுள்ள பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல்தான். சிக்கல் தீரத் தேன் தடவுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

உண்மையான வயிற்றுப்போக்கு என்பது வழக்கத்திலிருந்து திடீரென்று மாறுவது: எண்ணிக்கை கூடி, தண்ணீராக, நாற்றத்துடன் போவது, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்து வரலாம். அப்போது பாலை நிறுத்துவது பெரும் பிழை. தாய்ப்பாலில் நீரும் சத்தும் நோயெதிர்ப்புப் புரதங்களும் ஒன்றாக இருப்பதால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும் மருத்துவர் சொல்லும் அளவில் சேரும். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, உச்சிக்குழி பள்ளமாகாமல் இருக்கிறதா என்பவை நீர்ச்சத்தைச் சொல்லும் குறிகள். எடையும் அப்படித்தான்: பிறந்ததும் சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி, அதன் பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுகிற குழந்தையின் மலம் எந்த நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், பொறுத்துப் பார்க்கவே கூடாத சில குறிகள் இருப்பதுதான். வாந்தி பச்சை நிறப் பித்தமாக வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய அவசரம். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு முறையும் பால் பீச்சியடித்து வெளியேறி, உடனே குழந்தை மறுபடி பசியோடு தேடினால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயின் தசை தடித்து வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். சிறிது நேரம் வீறிட்டு அழுது, சோர்ந்து, மீண்டும் வீறிட்டு அழுது, சிவந்த கூழ் போன்ற மலமும் போனால் குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருக்கலாம். மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போல் போவதும், மஞ்சள் காமாலை இரண்டு வாரம் கடந்தும் நீடிப்பதும் பித்தநாளம் அடைபட்டதன் குறியாக இருக்கலாம். இதற்கான கசாய் அறுவை சிகிச்சை பிறந்த 60 நாட்களுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கிறது என்பதால், வலியோ அழுகையோ இல்லாத இந்தக் குறியைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், கல் போல் உப்பிய வயிறு, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது ஆகியவையும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியவை.

இந்த நோய்களில்கூடத் தாய்ப்பாலை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லும் நிலை அபூர்வம். அறுவை சிகிச்சைக்காகச் சில நாள் வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாதென்றால் தாய் பாலைக் கறந்து சேமித்து வைத்து, பிறகு தொடரலாம். காலக்டோசீமியா என்ற பிறவிக் குறை ஒரு விலக்கு: லாக்டோஸிலிருந்து பிரியும் காலக்டோஸை உடலால் கையாள முடியாமல் கல்லீரல் பழுதாகும் அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் உட்பட எந்தப் பாலும் ஆகாது; பிறந்த சில நாட்களில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.